பத்து நிமிட இடைவெளி: டிஜிஎன்1412 மருந்துச் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

2006 மார்ச் 13, திங்கட்கிழமை காலை 8 மணி. லண்டனின் வடமேற்கில் ஹாரோ பகுதியில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். அங்கே பாரெக்செல் என்ற ஒப்பந்த ஆய்வு நிறுவனம் நடத்திவந்த தனிப் பிரிவில், டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்து முதன்முதலாக மனித உடலில் ஏற்றப்பட்டது. மருந்து ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இயங்கிய டெஜெனெரோ என்ற சிறு நிறுவனத்துடையது. சோதனைக்கு வந்தவர்கள் எட்டு ஆண்கள், நோய்நொடி எதுவும் இல்லாதவர்கள். ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி ஊசி. மருந்து பெற்ற ஆறு பேரின் வயது 19 முதல் 34 வரை. கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம் என்ற அளவில், சிரை வழியாக, ஒவ்வொருவருக்கும் 3 முதல் 6 நிமிடத்துக்குள் ஏற்றி முடித்தார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விட்ட நேரம் சுமார் 10 நிமிடம்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் கடுமையான தலைவலி, தசைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு. தோல் சிவந்தது, காய்ச்சல் ஏறியது, இரத்த அழுத்தம் சரிந்தது. மருந்து ஏறிய 12 முதல் 16 மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்தது, சிறுநீரகம் முடங்கியது, இரத்தம் நாளங்களுக்குள்ளேயே உறையத் தொடங்கியது. ஒரு நாளைக்குள் இரத்தத்தில் லிம்போசைட், மோனோசைட் இரண்டு வகை வெள்ளணுக்களும் ஏறக்குறையக் காணாமற்போயின. பக்கத்துப் படுக்கைகளில் பிளாசிபோ பெற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கு எது போனது என்பதை உறை பிரித்துப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

ஆறு பேரும் அதே வளாகத்திலிருந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் செயற்கைத் துணை, டயாலிசிஸ், அதிக அளவு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2-இன் ஏற்பியை அடைக்கும் டாக்ளிசுமாப் கொடுக்கப்பட்டன. இருவருக்கு அதிர்ச்சி நிலையும் கடும் மூச்சுத்திணறலும் நீடித்தன. ஒருவருக்கு 8 நாள், மற்றவருக்கு 16 நாள் உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் கால்விரல்களையும் சில கைவிரல்களின் நுனிகளையும் இழந்தார்.

இனி வருவது அந்தச் சோதனையின் உடற்கூறாய்வு. முதல் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ, அளவு தவறிப்போனதா, மருந்துத் தொகுதி கெட்டுப்போனதா, வேறு ஏதாவது கலந்ததா என்று துருவித் துருவிப் பார்த்தது. பதிவேடுகளில் சில குறைகள் அகப்பட்டன. ஆனால் எதுவும் இந்த விளைவுக்குக் காரணமில்லை. குப்பியில் இருந்தது சரியான மருந்து, சரியான அளவு. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படிதான் கொடுக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அமைப்பும் நெறிமுறைக் குழுவும் பார்த்துக் கையெழுத்திட்ட திட்டம் அது. ஆகவே பார்க்கவேண்டியது யார் விதியை மீறினார்கள் என்பதை அன்று. விதிக்குள் நின்றே இது எப்படி நடந்தது என்பதை.

மருந்து என்ன செய்ய வேண்டியிருந்தது

டி செல் என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிப்பாய். அது கண்டபடி கிளம்பிவிடாமல் இருக்க இயற்கை இரண்டு சமிக்ஞைகளைக் கேட்கிறது. வங்கி லாக்கரைப் போல: வாடிக்கையாளர் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். முதல் சாவி, எதிரியின் துணுக்கை அடையாளம் காணும் டி செல் ஏற்பி. இரண்டாவது, சிடி28 என்ற புரதம். சாதாரணமாக சிடி28-ஐ மட்டும் தொட்டால் செல் அசையாது. டிஜிஎன்1412 ஒட்டும் இடம் வேறு. சிடி28 மூலக்கூறின் பக்கவாட்டில் உள்ள ஒரு வளையத்தில் ஒட்டி, முதல் சமிக்ஞை இல்லாமலேயே செல்லைத் தட்டி எழுப்பிவிடும். இப்படிப்பட்ட ஆன்டிபாடிக்கு மிகைத்தூண்டி என்று பெயர்.

எழுப்பிவிடும் மருந்தை எதற்கு உருவாக்க வேண்டும்? எலிகளில் இதே வகை ஆன்டிபாடி, சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்து டி செல்களைத்தான் முதன்மையாகப் பெருக்கியது. மூட்டுவாத மாதிரிகளில் வீக்கம் குறைந்தது. எனவே முடக்குவாதத்துக்கும், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் இது உதவும் என்று எதிர்பார்த்தார்கள். அறிவியல் அடிப்படை இல்லாத பேராசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. யோசனை நல்ல யோசனைதான். பிந்தைய ஆண்டுகள் அதை ஓரளவு உறுதியும் செய்தன.

கணக்கு எப்படிப் போடப்பட்டது

மனிதருக்கான முதல் அளவைத் தீர்மானிக்க அன்று வழக்கத்திலிருந்த முறை இது. விலங்குக்குத் தீங்கு தெரியாத மிக உயர்ந்த அளவை எடு; உடற்பரப்பு விகிதப்படி மனித அளவாக மாற்று; பாதுகாப்புக்காகக் குறைந்தது 10-ஆல் வகு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொன்னது.

சைனோமோல்கஸ் குரங்குகளுக்கு வாரம் ஒருமுறை கிலோவுக்கு 50 மில்லிகிராம், நான்கு வாரம் கொடுத்தார்கள். குரங்குகள் தாங்கிக்கொண்டன. குரங்குக்கான மாற்று எண் 3.1. ஐம்பதை அதனால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம். பத்தால் வகுத்தால் 1.6. இதையும் கூடுதல் என்று கருதி மேலும் இறக்கி 0.1 என்று வைத்தார்கள். மனிதச் சமான அளவில் 160-இல் ஒரு பங்கு. குரங்குக்குக் கொடுத்ததில் 500-இல் ஒரு பங்கு. காகிதத்தில் இதைவிட எச்சரிக்கையான எண் கிடையாது. கோப்பைப் பார்த்த எவரும் தலையாட்டியிருப்பார்கள், ஆட்டவும் செய்தார்கள்.

அதே எண்ணை இன்னொரு வழியில் போட்டுப் பார்க்கலாம். இதற்குக் கால்குலேட்டர் போதும். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.1 என்றால் மொத்தம் 7 மில்லிகிராம். இரத்த பிளாஸ்மா சுமார் 2.5 லிட்டர். அப்படியானால் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம். ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000; ஆக செறிவு கிட்டத்தட்ட 18.7 நானோமோலார். மருந்து தன் ஏற்பியோடு பாதியளவு பிணையும் செறிவு சுமார் 1.9 நானோமோலார். இனி 18.7-ஐ, 18.7-உம் 1.9-உம் சேர்ந்த தொகையால் வகுத்தால் 0.91. உடலில் இரத்தத்தோடு தொடர்பிலுள்ள சிடி28 ஏற்பிகளில் பத்துக்கு ஒன்பது, முதல் ஊசியிலேயே, சில நிமிடத்தில் பிடிபட்டுவிடும் என்று பொருள்.

தடுக்கும் மருந்தாக இருந்தால் 90 சதவீத ஏற்பி அடைபட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் குடிமுழுகாது. தூண்டும் மருந்து அப்படியில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் ஒரு செல் எழுந்தால் அது வெளிவிடும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதம் பக்கத்துச் செல்லையும் எழுப்பும். பெருக்கம் உள்ளேயே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பத்து சதவீத ஏற்பியைப் பிடிக்கும் அளவிலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்தக் கணக்கின்படி தொடக்க அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் வரும். கொடுக்கப்பட்டதோ 100 மைக்ரோகிராம்.

இரண்டு கணக்குக்கும் தேவையான எண்கள் முன்பே கையில் இருந்தன. கேட்ட கேள்விதான் வேறு. 'விலங்கு எவ்வளவு தாங்கும்?' என்று கேட்டால் 0.1 மில்லிகிராம் மிகக் குறைவு. 'மனித உடலில் இது எந்த அளவில் வேலையைத் தொடங்கும்?' என்று கேட்டால் அதே 0.1 மிக அதிகம். இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்த அளவைத்தான் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச உயிரியல் விளைவு அளவு என்கிறோம். துறையில் சுருக்கமாக மேபெல்.

குரங்கு ஏன் ஏமாற்றியது

சிடி28-இன் வெளிப்பகுதி மனிதரிலும் சைனோமோல்கஸ் குரங்கிலும் ஒரே மாதிரி. மருந்து இரண்டிலும் ஒட்டும். ஆகவே குரங்கு பொருத்தமான விலங்கு என்ற முடிவுக்கு வந்தார்கள். விடுபட்டது, அந்தப் புரதம் எந்தச் செல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி. பிரிட்டனின் உயிரியல் தர நிர்ணய ஆய்வகமான என்ஐபிஎஸ்சி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது: மனிதரின் செயல்நிலை நினைவு டி செல்களில் சிடி28 இருக்கிறது, சைனோமோல்கஸ் குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. சைட்டோகைனைக் கொட்டக் காத்திருக்கும் செல்கள் அவைதான். குரங்கில் மருந்து ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டியது, வெடிக்கவேண்டிய செல் மட்டும் அங்கே இல்லை.

எலி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆய்வக எலிகள் கிருமிகளை அதிகம் காணாமல் சுத்தமான கூண்டில் வளர்பவை. தொற்று கண்டு தேறிய நினைவுச் செல்கள் அவற்றில் குறைவு. முப்பது வயது மனிதரின் உடலில் அவை நிறைந்து கிடக்கும்.

மனிதச் செல்களில் சோதனை செய்யவில்லையா என்றால், செய்தார்கள். இரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களை ஊட்டக் கரைசலில் மிதக்கவிட்டு மருந்தை ஊற்றிப் பார்க்கும் வழக்கமான முறையில் பெரிய எதிர்வினை எதுவும் வரவில்லை. விபத்துக்குப் பிறகு என்ஐபிஎஸ்சி ஆய்வாளர்கள் அதே மருந்தை 96 குழித் தட்டின் அடிப்பரப்பில் ஊற்றி, காயவைத்து, பிளாஸ்டிக்கோடு ஒட்டச்செய்து, அதன்மேல் மனித வெள்ளணுக்களை விட்டார்கள். சைட்டோகைன் வெள்ளமாகக் கிளம்பியது. செல்கள் வேறல்ல, மருந்தும் வேறல்ல. கரைசலில் மிதந்தபோது பேசாமல் இருந்தது, பரப்பில் ஒட்டியதும் செல் ஏற்பிகளை ஓரிடத்தில் குவித்துப் பிடித்துத் தூண்டிவிட்டது. இரத்த நாளச் சுவர்ச் செல்களை அடியில் வளர்த்து அதன்மேல் சோதித்தபோதும் இதே போக்கு தெரிந்தது. பின்னர் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள்: வெள்ளணுக்களை முதலில் நெருக்கமாக ஒன்றாக வளர்த்துவிட்டுப் பிறகு மருந்தைச் சேர்த்தால், கரைசலிலும் அவை எதிர்வினை காட்டின. இரத்தத்தில் ஓடும்போது தளர்ந்திருக்கும் செல், நிணநீர்க் கணுவில் நெருக்கியடித்துக் கிடக்கும்போது விழிப்பாக இருக்கும் என்பது இதிலிருந்து புரிந்தது.

இன்று நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் எந்த ஆன்டிபாடிக்கும் இந்தக் காயவைத்த தட்டுச் சோதனையோ அதன் மாற்று வடிவமோ இல்லாமல் கோப்பு நகராது. செய்யும்போது கவனிக்க வேண்டியது, ஒரே கொடையாளரின் இரத்தத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது. ஆளுக்கு ஆள் எதிர்வினை பல மடங்கு மாறும். பல கொடையாளர்களின் மாதிரி வேண்டும், ஒப்பீட்டுக்கு ஏற்கெனவே சைட்டோகைனைத் தூண்டும் என்று தெரிந்த ஆன்டிபாடி ஒன்றையும் தூண்டாத ஒன்றையும் அதே தட்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் 'எதிர்வினை இல்லை' என்ற விடைக்கு மருந்து காரணமா, அன்று செத்துக் கிடந்த செல்கள் காரணமா என்று சொல்ல முடியாது.

நெறி எங்கே தவறியது

மருந்துச் சோதனையின் நெறி என்றாலே பேச்சு ஒப்புதல் படிவத்தில் போய் நிற்கும். புரியும் மொழியில் இருந்ததா, கட்டாயம் இருந்ததா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொன்னார்களா. 1947-இன் நியூரம்பெர்க் விதிகளும் 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனமும் வகுத்துத் தந்த பாதை அது. அதன் மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனால் இந்த நிகழ்வில் எவ்வளவு அருமையான படிவம் இருந்திருந்தாலும் ஆறு பேரில் ஒருவர்கூடத் தப்பியிருக்க மாட்டார். ஆய்வாளருக்கே தெரியாத ஆபத்தைப் படிவத்தில் எழுத முடியாது. தெரியாததை எதிர்பார்த்துத் தடுப்புப் போடும் இடம் வேறு: நேர அட்டவணை.

காலை 8 மணிக்கு முதல் ஆள். பத்துப் பத்து நிமிடமாகப் போனால் எட்டாவது ஆளுக்கு 9:10. அறிகுறிகள் தொடங்கியதோ மருந்து ஏறி 50 முதல் 90 நிமிடத்தில். முதல் ஆள் தலையைப் பிடித்துக்கொண்ட வேளையில் வரிசையின் கடைசி ஆளுக்கும் மருந்து ஏறியிருக்கும், அல்லது ஏறும் தறுவாயில் இருந்திருக்கும். முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம், வெறும் இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் தீவிர சிகிச்சைக்குப் போயிருப்பவர் ஒருவர் மட்டுமே. அளவுக் கணக்கில் நேர்ந்த பிழைக்கு அறிவியல் சாக்கு உண்டு. இந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தச் சாக்கும் கிடையாது. முதன்முதலாக மனிதருக்குள் போகும், அதுவும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையே தூண்டும் மருந்துக்கு, ஆளுக்கு ஆள் இடைவெளி என்பது ஒரு பாதுகாப்புச் சாதனம். இங்கே அது வேலைத் திட்டத்தை ஒரே காலையில் முடிக்கும் வசதியாகிவிட்டது.

ஏற்றிய வேகமும் இதே கணக்கில் சேரும். மூன்று நிமிடத்தில் ஏற்றிவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆன்டிபாடி நாட்கணக்கில் உடலில் தங்கும். சில மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் முதல் அறிகுறியிலேயே குழாயை மூடிவிடலாம், மிச்சமிருக்கும் பங்கு உடலுக்குள் போகாது.

ஆரோக்கியமானவர்களிடம்தான் முதலில் சோதிக்க வேண்டுமா என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது. அவர்களிடம் வேறு நோயோ மருந்தோ இல்லாததால் விளைவு தெளிவாகத் தெரியும்; தாங்கும் உடல்வாகும் இருக்கும். இந்த ஆறு பேரும் பிழைத்ததில் இளமைக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். மறுபுறம், அவர்களுக்கு மருந்தால் ஒரு நன்மையும் இல்லை. ஆகவே அவர்கள்மீது சுமத்தக்கூடிய ஆபத்துக்கு எல்லை மிகக் குறுகியது. திரும்பப் பெறமுடியாத விளைவுள்ள மருந்து, செயல்படும் வழி புதிது, அதைக் காட்டும் விலங்கு மாதிரி ஐயத்துக்குரியது: மூன்றும் சேர்ந்தால் ஆரோக்கியமானவரைத் தவிர்த்து நோயாளிகளிடம் போவதே முறை என்பது இப்போதைய நடைமுறை.

பணம். ஒவ்வொருவருக்கும் 2,000 பவுண்டு பேசப்பட்டது. நேரத்துக்கும் அசௌகரியத்துக்கும் ஈடாகக் கொடுப்பது ஏற்கத்தக்கது. ஆபத்து கூடக் கூடத் தொகையைக் கூட்டுவது ஏற்கத்தக்கதல்ல. இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு மெல்லியது, அதை ஒவ்வொரு நெறிமுறைக் குழுவும் தனித்தனியாகத்தான் போட்டுக்கொள்கிறது. இடையில் விலகினால் தொகை எப்படிப் பிரியும் என்ற வரியைக் குழு உறுப்பினர் கட்டாயம் படிக்க வேண்டும். கடைசி நாள் வரை இருந்தால்தான் பெரும்பங்கு என்று எழுதியிருந்தால், 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்பது வெறும் எழுத்து.

பணத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள் கோட்டைவிடுவது காப்பீட்டை. டெஜெனெரோ 20 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு செய்திருந்தது. ஆறு பேரும் வாழ்நாள் முழுதும் நோய் எதிர்ப்புச் சிக்கலோடு வாழ நேர்ந்தால் அந்தத் தொகை எந்த மூலைக்கு? 2006 ஜூலையில் அந்த நிறுவனம் திவாலானது. ஒரே மருந்தை நம்பி நடக்கும் சிறு நிறுவனம், அந்த மருந்து தோற்றால் இழப்பீடு கேட்க ஆளே இல்லாமல் போகும். எப்போது இழப்பீடு தேவைப்படுமோ அப்போதுதான் நிறுவனம் இருக்காது. ஆகவே குழு கேட்க வேண்டியது காப்பீடு உண்டா என்பதோடு முடியாது. ஒரு சோதனைக்கு எவ்வளவு, ஒருவருக்கு எவ்வளவு, நிறுவனம் மூடினாலும் செல்லுமா, பல ஆண்டு கழித்து வரும் பாதிப்பையும் ஏற்குமா என்பதுவரை போக வேண்டும்.

பிறகு மாறியவை

பிரிட்டன் அரசு, சர் கார்டன் டஃப் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. 2006 டிசம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கையில் 22 பரிந்துரைகள். ஐரோப்பிய மருந்து முகமை 2007-இல் முதல் மனிதச் சோதனைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இவற்றில் நடைமுறையை உண்மையில் புரட்டிப்போட்டவை சிலவே. பல முறையில் தொடக்க அளவைக் கணக்கிட்டு, விடைகள் வேறுபட்டால் குறைந்ததை எடுத்துக்கொள் என்பது ஒன்று. மற்றது முன்னோடி முறை: முதலில் ஒருவருக்கு மட்டும் மருந்து, கூடவே பிளாசிபோ ஒருவருக்கு, யாருக்கு எது என்பது தெரியாதபடி மறைப்பைக் காப்பதற்காக அந்த இரண்டாவது ஆள். குறைந்தது ஒரு நாள் பொறுத்து, இரத்த முடிவுகளையும் பார்த்த பிறகே மற்றவர்கள். 24 மணி நேரம் என்பது மந்திர எண் அன்று; மருந்தின் விளைவு உச்சம் தொட மூன்று நாளாகும் என்றால் காத்திருப்பும் மூன்று நாள்.

நிறுத்த விதி தனியாகச் சொல்லவேண்டியது. எந்த அறிகுறி, எந்தத் தீவிரத்தில், எத்தனை பேருக்கு வந்தால் அடுத்த ஊசி நிற்கும் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், தலைவலி வந்தவரை 'பதற்றம்', 'காலையில் சாப்பிடவில்லை' என்று விளக்கித் தள்ளுவதற்கு மனம் எப்போதும் தயாராக இருக்கும். எழுதிவைத்த விதிக்கு விளக்கம் தெரியாது, அதுதான் அதன் பலம். சைட்டோகைன் புயல், அதாவது உடலெங்கும் சைட்டோகைன் கட்டுமீறிப் பொங்குவது, சாத்தியமுள்ள மருந்தென்றால், ஸ்டீராய்டும் சைட்டோகைனை அடைக்கும் மருந்தும் படுக்கையருகே இருக்க வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை இடம் காலி என்பது அன்று காலையே தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் எட்டுப் பேருக்கு மருந்து கொடுக்கும் கூடத்துக்கு எட்டு தீவிர சிகிச்சைப் படுக்கைகள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஏன் ஒவ்வொருவராகக் கொடுக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

பத்தாண்டு கழித்து பிரான்சின் ரென் நகரில் இவற்றில் ஒரு பகுதி மறந்துபோனது. 2016 ஜனவரியில் பயோட்ரையல் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய, போர்ச்சுகலின் பியால் நிறுவனத்து பிஐஏ 10-2474 சோதனை. மாத்திரை மருந்து, குறைந்த அளவுகள் பலருக்குக் கொடுக்கப்பட்டுச் சிக்கலின்றிக் கடந்திருந்தன. அடுத்த குழுவுக்கு நாளுக்கு 50 மில்லிகிராம். ஐந்தாம் நாளான ஜனவரி 10 மாலை ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை, அவர் நிலை என்ன என்று கேட்டறியாமலேயே, அந்தக் குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. முதலாமவர் ஜனவரி 17-இல் இறந்தார். விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, கூட இருந்தவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தியே மற்றவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது. தொடரலாமா என்று மறுபடி யோசிக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. ஒப்புதல் என்பது முதல் நாள் போட்ட கையெழுத்தோடு முடிவதில்லை. புதுச் செய்தி வரும்போதெல்லாம் திரும்பக் கேட்கப்பட வேண்டியது. ஐரோப்பிய முகமை 2017-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, முதல் ஊசியைத் தாண்டிப் பல நாள் கொடுக்கும் கட்டத்துக்கும் கட்டுப்பாடுகளை நீட்டியது.

இவ்வளவுக்குப் பிறகு, சோதனையே வேண்டாம் என்று சொல்வோருக்கு 1937-ஐ நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து இனிப்பு மருந்தாக விற்றார்கள். விலங்கில்கூடச் சோதிக்கவில்லை, அன்றைய சட்டமும் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். சோதனை இல்லாத இடத்தில் சோதனை எலி ஆவது வாங்கிக் குடித்த பொதுமக்கள். அவர்களைக் கண்காணிக்க மருத்துவர் யாரும் அருகில் இருக்க மாட்டார், நிறுத்த விதியும் இராது.

டிஜிஎன்1412 இன்னும் சாகவில்லை. டேப்08 என்ற புதுப் பெயரில் ரஷ்யாவில் ஆரோக்கியமானவர்களிடம் மீண்டும் சோதிக்கப்பட்டது. இம்முறை தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெதுவாக ஏற்றி, படிப்படியாகக் கிலோவுக்கு 7 மைக்ரோகிராம் வரை போனார்கள். புயல் வரவில்லை. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 உயர்ந்தது, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் உயரவில்லை. எலிகளில் கண்டது குறைந்த அளவில் மனிதரிலும் நடந்தது. 2014-இல் இந்த முடிவு வெளியானது.

மேபெல் முறைக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். நோய் எதிர்ப்பைத் தூண்டும் புற்றுநோய் மருந்துகளுக்கு இந்த முறையில் தொடக்க அளவைப் போட்டால், பலன் தரக்கூடிய அளவுக்குப் பல நூறு மடங்கு கீழே போய் நிற்கிறது. அங்கிருந்து மும்மூன்று நோயாளிகளாக ஏறினால், முதல் பல படிகளில் சேர்பவர்கள் எல்லோரும், வேறு சிகிச்சை மிச்சமில்லாதவர்கள், பயன்படாத அளவையே பெறுவார்கள். ஆரோக்கியமானவரைக் காக்கும் அதே எண் இவர்களுக்கு அநியாயமாகிறது. இதற்கு இப்போது பின்பற்றப்படும் வழி, கீழ்ப்படிகளில் ஒரு படிக்கு ஒரே நோயாளி, ஒவ்வொரு படியிலும் அளவு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ, இரத்தத்தில் மருந்தின் செயல் தென்படும் முதல் அறிகுறியோடு அந்த வேகத்தை நிறுத்தி மும்மூன்று பேராக மாறுவது. முதல் படிகளில் சேர்ந்தவருக்கு உடல் தாங்கினால் அதே நோயாளிக்கே மேல்படி அளவைக் கொடுக்கவும் திட்டத்தில் இடம் வைப்பது. எந்த அறிகுறியைச் செயல் என்று கொள்வது, எந்தப் படியில் வேகத்தைக் குறைப்பது என்பதில் ஒவ்வொரு மருந்துக்கும் வாதம் நடக்கிறது.